மங்கையின் ஊரை மீண்டும் நிறுவுதல்

நவம்பர் 24, 2025, திங்கள்

இன்று எனக்கு வயது எழுபத்தேழு ஆண்டு, நான்கு மாதம், ஒன்பது நாள். முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. கண்ணாடி போட்டால் பார்வைக்குக் குறையில்லை. நினைவுக்கும் குறையில்லை, அது எப்போதும் வசதி என்று சொல்ல மாட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தேன். மணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக யாரும் முகத்தைத் தொங்கவிட வேண்டாம்.

என் தங்கை மங்கையர்க்கரசிக்கு எழுபத்திரண்டு. அவள் கணவர் தணிகாசலம் போனபின் பதினைந்து ஆண்டுகளாக அவளுடைய வீட்டில் நானும் இருக்கிறேன். சென்ற பிப்ரவரி இறுதியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் பேச்சும் போயின. பேச்சு உடைந்த துண்டுகளாகத் திரும்பி வருகிறது. கை வரவில்லை.

நேற்று அவள் மகன் அறவாழி பூனாவிலிருந்து தொலைபேசினான்.

"பெரியம்மா, நீங்க கோவிச்சுக்காதீங்க. இங்க பக்கத்துலயே ஒரு பராமரிப்பு இல்லம் பாத்திருக்கேன். ஜனவரி இருபது வரேன். அம்மா தன் வலது கையால ஒரே ஒரு வேலையாச்சும் செய்யட்டும், நான் வாயே திறக்கல. இல்லன்னா கூட்டிட்டுப் போயிடுறேன். உங்களுக்கும் வயசாகுதுல்ல."

வயதாவது எனக்குத் தெரியும். மேலே நாள் கணக்கோடு எழுதியிருக்கிறேன்.

உடற்பயிற்சி சொல்லித்தர வரும் ரெபெக்கா ரப்பர் பந்தும் மரக்குச்சிகளும் கொண்டுவருகிறாள். மங்கை அவற்றைப் பார்ப்பதுகூட இல்லை. "அவங்களா ஆசைப்பட்டு அந்தக் கையை நீட்டணும் மேடம். எதுக்காக நீட்டுவாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

தெரியும். அந்தக் கணினி விளையாட்டு. 2006இல் அறவாழி வாங்கித் தந்தது. மனிதர்களைப் படைத்து, வீடு கட்டிக் குடிவைத்து, அவர்கள் சமைப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் சண்டையிடுவதையும் மேற்பார்வையிடுவது. பகல் முழுதும் வீட்டில் இதையே செய்துவிட்டு, ஓய்வு நேரத்திலும் இதையே செய்ய ஒருத்தி ஏன் உட்கார்ந்தாள் என்பது எனக்கு விளங்கியதில்லை. ஆனால் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்தாள். ஒரு முழு ஊரையே உண்டாக்கினாள். பிப்ரவரியில் அந்தப் பழைய கணினி போய்விட்டது, ஊரும் போய்விட்டது.

அதை மீண்டும் நிறுவப்போகிறேன். ஐம்பத்தேழு நாட்கள் இருக்கின்றன.

நவம்பர் 26, புதன்

குறுந்தகடுகள் நான்கும் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தன. என் மடிக்கணினியில் தகடு போட வாயே இல்லை. ஆட்டோ பிடித்துப் புத்தூரில் அன்வர் பாட்சாவின் கடைக்குப் போனேன். ஐம்பது வயதுக்காரர், யாரையும் அவசரப்படுத்தாதவர்.

"இந்த கேமா? இதை இன்னும் யாரும்மா ஆடுறாங்க?"

"என் தங்கை."

"புது வெர்ஷன் போட்டுத் தரட்டுமா? படம் சும்மா சினிமா மாதிரி இருக்கும்."

"அவளுக்குப் பழசுதான் வேண்டும்."

வெளியே செருகும் தகடு இயக்கி ஒன்றைத் தேடி எடுத்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தா கொண்டாங்களேன். போனதா இருந்தாலும், அழிஞ்சதா இருந்தாலும் பாதிக்குப் பாதி எடுத்துக் குடுத்துடுவேன்."

"அது இல்லை. பழைய சாமான்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்."

"அடடா. டிஸ்க்கை மட்டும் கழட்டி வெச்சிருக்கலாமேம்மா."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புறப்பட்டுவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

மூன்றாம் தகட்டில் கீறல். நிறுவுதல் எழுபத்திரண்டு விழுக்காட்டில் நின்றது. கண்ணாடி துடைக்கும் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தேன். ஏழாம் முறை ஏற்றுக்கொண்டது. இதைவிட மோசமான மாணவிகளைத் தேர்ச்சி பெற வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 3, புதன்

திரை கறுப்பு. கத்தரிக்காய்க் கூட்டில் உப்பு போட மறந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

பழைய விளையாட்டுக்குப் புதிய கணினியை அடையாளம் தெரியவில்லை. இருபது ஆண்டுக்கு முந்தைய பெயர்ப் பட்டியலில் தேடிப் பார்த்து, இல்லை என்றதும் கண்ணை மூடிக்கொள்கிறது. இந்த விளையாட்டை இன்னும் கைவிடாமல் பேணிவரும் பெண்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற செவிலி ஒருத்தி, எந்தக் கோப்பில் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று பதினெட்டுப் படிகளாக எழுதியிருந்தாள். என் சக பேராசிரியர்களில் இத்தனை தெளிவாக எழுதக்கூடியவர் இருவர். இருவரும் இப்போது இல்லை.

திருத்தினேன். படம் வந்தது. மனிதர்களின் காலடியில் நிழலுக்குப் பதிலாகக் கறுப்புச் சதுரம் ஒன்று ஒட்டிக்கொண்டு நடந்தது. அதற்கு வேறொரு திருத்தம். அதையும் செய்தேன். மங்கை நாற்காலியில் இருந்தபடி பார்த்தாள்.  கண்ணை எடுக்கவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

புடவை. விளையாட்டில் இருப்பவை அமெரிக்க உடைகள். எங்கள் அம்மாவை அரைக்கால் சட்டையில் நிறுத்த முடியாது. மன்றத்தில் யாரோ புண்ணியவதி சுங்குடியும் காஞ்சிப் பட்டும் செய்து வைத்திருந்தாள். இறக்கி, அம்மாவுக்கு உடுத்தினேன். புடவை வந்தது, அம்மாவைக் காணோம். அரக்குப் பட்டு ஒன்று, மேலே தலையும் கீழே காலும் இல்லாமல், கூடத்தில் தானே உலாவியது. உடை ஒரு கோப்பு, அதற்கான உடல் இன்னொரு கோப்பு. இரண்டையும் சேர்த்து இறக்க வேண்டுமாம்.

மங்கை சிரித்தாள். ஒன்பது மாதத்தில் முதல் சிரிப்பு. "அம்..மா... எங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன். உடலைத் தேடி இறக்கிப் பொருத்த ஒன்றரை மணி நேரம் ஆனது.

டிசம்பர் 13, சனி

வீட்டைக் கட்டி முடித்தேன். அழிந்த ஊரில் மங்கையின் வீடு இருந்தபடியே: கூடம், இடப்பக்கம் தணிகாசலத்தின் படிப்பறை, தென்கிழக்கு மூலையில் அடுப்பு, பின்கட்டில் துளசி மாடம் என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு பூந்தொட்டி, மாடியில் பச்சைச் சுவர் அடித்த இரண்டு அறைகள், படிக்கட்டின் கீழ் நாய்க்குப் பாய். தணிகாசலம், அறவாழி, அம்மா, அப்பா, நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது பால் ஊற்ற வந்த தனபாக்கியம், நாய். மங்கையையும் சேர்த்து எழுவர்.

மங்கை ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். பச்சைச் சுவருக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு... எப்படி... தெரியும்?"

"நீ ஆடும்போது பார்த்திருக்கிறேன்."

"நீ... பாக்க... மாட்டியே."

"பார்த்திருக்கிறேன் என்றால் பார்த்திருக்கிறேன். மாத்திரையை விழுங்கு."

டிசம்பர் 18, வியாழன்

தோல்வி.

எல்லாம் தயார். குடும்பத்தைத் தூக்கி வீட்டில் வைத்து ஒருமுறை சொடுக்கினால் குடிபுகுந்துவிடுவார்கள். அந்தச் சொடுக்கு மங்கையுடையதாக இருக்க வேண்டும் என்று ரெபெக்காவும் நானும் பேசி வைத்திருந்தோம். வலக்கையை மவுஸின் மேல் வைத்தோம்.

"வேண்டாம்" என்றாள். தெளிவாக. பிசிறில்லாமல்.

நான் அவள் விரலை அழுத்திச் சொடுக்க வைத்தேன். குடும்பம் உள்ளே போயிற்று. மங்கை இடக்கையால் மவுஸைத் தட்டிவிட்டாள். அது மேசையிலிருந்து விழுந்து ஒயரில் தொங்கியது. பிறகு அதே இடக்கையால் சுவரில் இருக்கும் தினசரிக் காலண்டரைக் காட்டினாள். மறுபடி காட்டினாள். கண்ணில் நீர்.

விளங்கிவிட்டது. மகன் வர இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிறாள்.

"முப்பத்து மூன்று நாள்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

டிசம்பர் 22, திங்கள்

நான்கு நாட்களாகத் திரையைப் பார்க்க மறுக்கிறாள். காட்டினால் முகத்தைத் திருப்பிக் காலண்டரைக் காட்டுகிறாள். பூனாவுக்குப் போகத்தான் விரும்புகிறாள் போலும். அது அவளுடைய உரிமை. ஆனால் விருப்பம் வேறு, இயலாமை வேறு. கை வந்தபின் அவள் போவதாகச் சொன்னால் நானே பெட்டி கட்டித் தருவேன். கை வராமல் மூட்டையாகக் கட்டி அனுப்ப மாட்டேன்.

துணி உலர்த்தும் கொடி அறுந்துவிட்டது. புதிதாகக் கட்டினேன்.

டிசம்பர் 27, சனி

வீட்டை மேலும் அழகுபடுத்தினால் மனம் மாறுவாளோ என்று பார்த்தேன். மன்றத்திலிருந்து கிரைண்டர், ஊஞ்சல், பித்தளைப் பானை, மூன்று வண்ணத்தில் கோலம், ஒரு வாழைமரம் ஆகியவற்றை இறக்கினேன். கணினி மெதுவாகிவிட்டது. மங்கை மாறவில்லை.

அறவாழி கூப்பிட்டான். "ஏதாவது முன்னேற்றம் இருக்கா பெரியம்மா?"

"வேலை நடக்கிறது."

"டிக்கெட் உங்களையும் சேத்து மூணு பேருக்குப் போடவா, ரெண்டு பேருக்கா?"

"நீ வருவதற்கு மட்டும் போடு. திரும்புவதை வந்த பிறகு பேசலாம்."

ஜனவரி 2, 2026, வெள்ளி

என் கல்வியைப் பற்றி எனக்கிருந்த கர்வத்தில் ஒரு பகுதியை இன்று விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

ரெபெக்கா தாமதமாக வந்தாள். காரணம் கேட்டேன்.

"வீடு மாத்துற அலைச்சல் மேடம். புது வீடு காலியாத்தான் கிடக்கு. ஆனா ஓனரம்மா சாவி தர மாட்டேங்குறாங்க. 'நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு ஒண்ணுமில்ல. என் வீட்டுக்கு ஆகாது, மார்கழி போகட்டும்'கிறாங்க. தை ஒண்ணு வரைக்கும் காத்திருக்கணும்."

நாற்காலியில் மங்கை நிமிர்ந்தாள். இடக்கை சட்டென்று மேலே போயிற்று. காலண்டர்.

எழுந்து போய் அதன் அருகில் நின்றேன். வாழ்நாள் முழுதும் நான் அந்தத் தாளில் பெரிய எண்ணை மட்டுமே பார்த்து வந்திருக்கிறேன். அதன் கீழே சிறிய எழுத்தில், மார்கழி 18.

"மார்கழியிலா குடிவைத்தேன் உன் ஆட்களை?"

"ஆ...மா!" என்றாள். ஆத்திரத்தில் சொல் முழுதாக வந்தது. "மார்..கழில... யாரு... போவா?"

"கணினிக்குள்ளே ஏது மார்கழி, மங்கை?"

அவள் என்னைப் பார்த்தாள். விடைத்தாளில் பூஜ்யம் போடும்போது நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். ரெபெக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லா மாட்டுனீங்க மேடம்."

அன்று குடிவைத்துச் சேமித்ததை மட்டும் அழித்தேன். குடும்பம் வெளியே வந்துவிட்டது. பதின்மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதன்பின் அறவாழி வர ஐந்தே நாள். கணக்குப்படி இது முட்டாள்தனம். ஆயினும் வேறு வழியில்லை.

ஜனவரி 5, திங்கள்

காத்திருப்பது என்று முடிவானபின் மங்கை ரப்பர் பந்தைப் பிடிக்கச் சம்மதித்துவிட்டாள். "தை... ஒண்ணுக்கு" என்கிறாள். அவள் தன் கையைத் தயார்ப்படுத்துவது பூனாவுக்காக அல்ல, புதுவீட்டுக்காக. ஒரு நாளைக்கு நாற்பது முறை. நான் எண்ணுகிறேன். முப்பத்தொன்பதில் அவள் ஏமாற்றினால் சொல்கிறேன். "போ...டி" என்கிறாள். அக்காவை. நோய்க்கு விட்டுக்கொடுக்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

தை ஒன்று. குளிப்பாட்டி, புதுப்புடவை உடுத்தி, வாசலில் பொங்கல் வைத்தபின் மேசைக்கு அழைத்து வந்தேன். விடுமுறை என்றாலும் ரெபெக்கா வந்தாள்.

மங்கை குடும்பத்தை வீட்டில் வைத்தாள். சொடுக்கு அவளுடையது. ஆட்காட்டி விரல் நடுங்கியது, நடுங்கியபடியே அழுத்தியது. எல்லோரும் உள்ளே போனார்கள். உடனே ஆட்டத்தை நிறுத்தினாள்.

"பால்."

இந்த விளையாட்டில் பால் காய்ச்ச வழியில்லை. பித்தளைப் பானை மட்டும் இருக்கிறது. வெறும் அலங்காரப் பொருள். அதை அடுப்பில் வைக்க, அழுத்தி, விடாமல் பிடித்து, திரையின் குறுக்கே இழுத்து, சரியான கட்டத்தில் விட வேண்டும். ரெபெக்கா ஒன்பது மாதமாகக் கேட்டுவந்த அசைவு அதுதான். ரெபெக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

முதல் முறை பானை கூடத்தில் விழுந்தது. இரண்டாம் முறை கழிவறையில். மங்கை ஏதோ வசை சொன்னாள். வசைகள் அவளுக்கு முழுதாகவே வருகின்றன. பதினோராம் முறை அடுப்பின்மேல் நின்றது.

"குலவை போடட்டுமா மங்கைம்மா?" என்று கேட்டாள் ரெபெக்கா.

"போ...டு."

வேதக்காரப் பெண் குலவை போட்டாள். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

ஜனவரி 17, சனி

மங்கை தானாகவே ஒரு புதிய ஆளைப் படைத்தாள். காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டு பத்துக்கு முடித்தாள். ஒரு கிழவி. வெள்ளைக் கொண்டை, கண்ணாடி, இறுகிய வாய். பெயரை ஆங்கிலத்தில் ஏழு எழுத்தாக, எழுத்துக்கு ஒரு நிமிடம் வீதம், வலது ஆட்காட்டி விரலால் அடித்தாள்: திலகா. என் பெயர் திலகவதி.

குணங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். சுத்தத்துக்குப் பத்துக்குப் பத்து. அன்புக்கு ஒன்று. சற்று யோசித்தாள். "ஜாஸ்தி" என்று சொல்லிப் பூஜ்யமாக்கினாள். அவள் தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

பிறகு அந்தக் கிழவியைத் தன் வீட்டில் வைக்கவில்லை. தெருவின் மறுபுறம் ஒரு சிறிய ஒற்றையறை வீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏன், உன் வீட்டில் எனக்கு ஒரு அறை இல்லையா?" கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டேன்.

"அப்பவும்... எதிர்வீடு."

"எப்போது?"

"பழைய... ஊர்ல. நீ... எதிர்வீட்ல. எப்பவும்."

"நான் அதில் இருந்தேனா?"

"பின்ன?" வீட்டைத் தொட்டுக் காட்டினாள். "இங்க... வயசாகும்." விரல் தெருவைக் கடந்தது. "அங்க... ஆகாது, அக்கா."

மன்றத்தில் தேடிப் படித்தேன். உண்மைதான். நாம் திறந்து ஆடும் வீட்டில் மட்டுமே நாட்கள் நகரும்; அங்குள்ளவர்கள் மூப்படைவார்கள், சாவார்கள். திறக்காமல் வைத்த வீட்டில் காலம் நிற்கும். எத்தனை ஆண்டு ஆடினாலும் அங்கிருப்பவருக்கு ஒரு நாளும் கூடாது.

பருப்பு வெந்துவிட்டதா பார்க்கிறேன் என்று சொல்லிச் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பருப்பு ஏதும் இல்லை. பருப்பைக் கழுவி அடுப்பில் ஏற்றினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

அறவாழி வந்தான். மங்கை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, மவுஸை வலக்கையில் எடுத்து, திரையில் இருந்த அறவாழியைத் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவச் சொன்னாள்.

"ஏம்மா, பூனாவுலருந்து வந்ததும் வராததுமா பாத்திரமா?"

"அங்க... கழு..வுறியா?"

"அது வந்து..."

"கழுவு."

மதியம் கரண்டியை அவளே பிடித்தாள். ரசம் பாதி மேசையில் சிந்தியது. பாதி வாய்க்குப் போயிற்று. அறவாழி மேசையைத் துடைத்தான். "அம்மா, நீ எங்க இருக்கணும்னு நீயே சொல்லு" என்றான்.

"எதிர்ல... இவ... இருக்கணும்" என்றாள்.

கைகழுவும் இடத்தில் என்னிடம் சொன்னான்: "இல்லத்துக்கு வேண்டாம்னு சொல்லிடுறேன் பெரியம்மா. எல்லாம் உங்களாலதான். அந்தப் பழைய கம்ப்யூட்டர் மட்டும் போகாம இருந்திருந்தா அம்மா இவ்வளவு ஒடிஞ்சிருக்க மாட்டா. அதையும் நீங்க ஈடுகட்டிட்டீங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

ஜனவரி 21, புதன்

தவறான தரவின்மேல் தரப்படும் பாராட்டை ஏற்க முடியாது. எனவே தரவைத் திருத்தி எழுதுகிறேன். நாளை பத்து மணிக்கு, அறவாழியும் உடனிருக்க, இந்தப் பக்கத்தை மங்கைக்குப் படித்துக் காட்டுவேன். கேட்டபின் கையில் கிடைத்ததை அவள் என்மீது எறிந்தால், அதற்குரிய வலு இப்போது அவள் வலக்கையில் இருக்கிறது.

பழைய கணினி தானாகப் போகவில்லை. சென்ற ஆண்டு பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிறு, பிற்பகல். மங்கை ஒரு திருமணத்துக்குப் போயிருந்தாள். கணினியில் இடம் நிரம்பிவிட்டது, வேண்டாததை நீக்கிவை என்று சொல்லியிருந்தாள். நான் முதன்முறையாக அவளுடைய ஊரைத் திறந்தேன். ஒரு மணி நேரம் அவள் வீட்டில் இருந்தேன். தணிகாசலம் இருந்தார், எங்கள் பெற்றோர் இருந்தார்கள், பால் ஊற்றிய தனபாக்கியம் இருந்தாள், 1969இல் செத்த நாய்கூட இருந்தது. பத்தொன்பது ஆண்டு உழைப்பில், பதினைந்து ஆண்டு உடனிருந்த நான் மட்டும் இல்லை. முழுக் கோப்பையும் நானே அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மங்கை வந்ததும், கணினி போய்விட்டது என்றேன். மறுநாளே அதைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டேன். அவள் அழவில்லை. வெறும் மேசைமுன் போய்ப் போய் உட்கார்ந்தாள். பத்தொன்பதாம் நாள் பக்கவாதம் வந்தது. இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் கற்பித்தேன். அதை இங்கே எனக்குச் சாதகமாகப் பயன்படுத்தப்போவதில்லை.

அன்று நான் எல்லா அறைகளிலும் என்னைத் தேடினேன். மாடியில், பின்கட்டில், குளியலறையில்கூட. எதிர்வீட்டை மட்டும் திறந்து பார்க்கவில்லை.